லேப்டாப் ஹீட்சிங்கைக் கழற்றி மாற்றுவது: முதன்முறை செய்பவர்களுக்கு

ஹீட்சிங்க் என்பது பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே தள்ளும் செம்புத் தகடும் குழாயும் சேர்ந்த பாகம். லேப்டாப் கொதிக்கிறது என்றதும் பலர் முதலில் தேடுவது விலை உயர்ந்த தெர்மல் பேஸ்ட்டைத்தான். பேஸ்ட் தேவைதான். ஆனால் அது ஹீட்சிங்கின் செம்புத் தகட்டுக்கும் பிராசசருக்கும் நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை அடைப்பதற்கு மட்டுமே. வெப்பநிலையைத் தீர்மானிப்பது தகடு பிராசசரின் மேல் எவ்வளவு சமமாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறது என்பது. ஸ்க்ரூக்களை எந்த வரிசையில் முடுக்குகிறீர்கள், தெர்மல் பேடின் (மற்றச் சிப்புகளின் மேல் வைக்கும் ரப்பர் பட்டை) தடிமன் சரியா என்ற இரண்டும், எந்த பிராண்டு பேஸ்ட் என்பதைவிட அதிக வித்தியாசம் தரும். இந்த வேலையில் பொறுமை காட்ட வேண்டிய இடங்களும் அவைதான்.

கையில் ஒரு மாடல் இருந்தால் விளக்குவது எளிது என்பதால் லெனோவோ திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்கிறோம். செகண்ட் ஹேண்டில் நிறையப் பேர் வாங்கும் மாடல் இது. அடிமூடியைத் திறந்தாலே ஹீட்சிங்க் கைக்கு எட்டும், மதர்போர்டை வெளியே எடுக்க வேண்டியதில்லை. டெல், எச்பி, ஏசர், ஆசுஸ் எதுவானாலும் வேலையின் போக்கு ஏறத்தாழ இதேதான். ஆனால் சில மாடல்களில் மதர்போர்டையே கழற்றிப் புரட்டினால்தான் ஹீட்சிங்க் தெரியும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். மதர்போர்டைக் கழற்ற வேண்டிய மாடலாக இருந்தால், முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

கழற்றும் முன் அளந்து வையுங்கள்

அளவில்லாமல் தொடங்கினால், முடித்த பிறகு முன்னேற்றம் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பநிலை காட்டும் மென்பொருள், லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை போதும். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓட்டி ஒரு அளவு. வெப்பநிலையோடு பிராசசரின் வேகத்தையும், எத்தனை வாட் இழுக்கிறது என்பதையும், அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதப் பகலில் 37 டிகிரி அறையில் எடுத்த அளவை, 25 டிகிரி ஏசி அறையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அவ்வளவே கூடும்.

டி480-இல் பரவலாக வரும் இன்டெல் கோர் ஐ5-8250யூ 15 வாட் பிராசசர். அதன் உச்ச வரம்பு 100 டிகிரி. வேலை தொடங்கிய முதல் சில நொடிகளில் அது 15 வாட்டைத் தாண்டி இழுக்கும், 90-ஐத் தொட்டுவிட்டு இறங்கும். அது நோயல்ல. 97, 98-இலேயே நின்றுகொண்டு வேகம் சரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எப்படிச் சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். வேலை கொடுத்த சில நொடியில் 100-க்கு எகிறுகிறது, ஆனால் பக்கவாட்டில் வரும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால், வெப்பம் பிராசசரைவிட்டு வெளியே வரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், தகடு சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது ஹீட் பைப் (வெப்பத்தைக் கடத்தும் செம்புக் குழாய்) செத்திருக்கலாம். மாறாக, நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது, வரும் காற்று குறைவு ஆனால் நல்ல சூடு என்றால் ஃபின்களில் (காற்று புகுந்து போகும் மெல்லிய உலோக இதழ்கள்) தூசி அடைத்திருக்கிறது. ஃபேன் சுற்றவே இல்லை, அல்லது கரகரவென்று சத்தம் போடுகிறது என்றால் ஃபேனை மாற்ற வேண்டும்.

ஹீட்சிங்கையே மாற்ற வேண்டிய நிலை அபூர்வம். பெரும்பாலான லேப்டாப்களுக்குத் தூசியை எடுத்துப் பேஸ்ட் மாற்றினாலே போதும். ஆகவே புதிய ஹீட்சிங்கை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். கழற்றிய பிறகு சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம், அந்தச் சோதனையைக் கீழே சொல்கிறோம்.

என்னென்ன வேண்டும்

பிஎச்0, பிஎச்1 அளவு கூட்டல் குறி முனைத் திருப்புளிகள். சில மாடல்களின் அடிமூடிக்கு டி5 நட்சத்திரத் திருப்புளி வேண்டியிருக்கும். முனை தேய்ந்த மலிவான திருப்புளி ஸ்க்ரூவின் தலையை வழித்துவிடும், இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மூடியை நெம்ப கிட்டார் பிக் அல்லது பழைய ஏடிஎம் கார்டு. கத்தி, இரும்புத் திருப்புளி வைத்து நெம்பக் கூடாது. ட்வீசர், மெல்லிய பெயின்ட் பிரஷ், நூல் பிரியாத துணி அல்லது காபி ஃபில்டர் தாள், காது குடையும் பஞ்சுக்குச்சி.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபிரோபைல் ஆல்கஹால். 90-க்குக் குறையாமல் இருந்தால் சமாளிக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், உலர நேரம் எடுக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

பேஸ்ட்டுக்கு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 அல்லது நாக்டுவா என்டி-எச்1 போன்ற, மின்சாரம் கடத்தாத ஒன்று. சற்று கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாளை லேப்டாப்புக்குப் பரிந்துரைப்போம். காரணம் உண்டு. லேப்டாப் பிராசசரின் மேல் டெஸ்க்டாப்பில் இருப்பதுபோல் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் நேரடியாகத் தகட்டைத் தொடுகிறது. சூடாகி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் மாறி மாறி அழுந்தும்போது, இளக்கமான பேஸ்ட் சில மாதங்களில் ஓரத்துக்குப் பிதுங்கி நடுவில் காலியாகிவிடும். பிடிஎம்7950 அறை வெப்பத்தில் கெட்டியாக இருந்து 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளிகளை நிரப்புவதால் அப்படி எளிதில் வெளியேறாது. இதில் போலி நிறைய வருவதால் நம்பகமான கடையில் வாங்குங்கள்.

பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி சிதறினால் போர்டு போய்விடும். அதிலுள்ள காலியம் அலுமினியத்தையும் அரித்துவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்தல்

முதலில் லேப்டாப்பை 10 நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்குங்கள். காய்ந்த பேஸ்ட் இளகினால் தகடு எளிதாகப் பிரியும். அடுத்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பயோஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். டி480-இல் ஆன் செய்தவுடன் எஃப்1 விசை. கான்ஃபிக் மெனுவில் பவர் பகுதிக்குள் உட்புற பேட்டரியை முடக்கும் தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால் லேப்டாப் தானே அணைந்துவிடும். டி480-க்கு இரண்டு பேட்டரி உண்டு. வெளியே கழற்றக்கூடியதை எடுத்துவிட்டாலும் உள்ளே இன்னொன்று போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். இப்படி முடக்கும் வசதி இல்லாத மாடல்களில், மூடியைத் திறந்தவுடன் செய்யும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதாக இருக்கட்டும். அதன் பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடியும்.

பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதை நெம்பவோ அழுத்தவோ கூடாது. முதலில் அது பாதுகாப்பாக அகற்றப்பட வேண்டும்.

நிலை மின்சாரத்துக்கு: கம்பளம், மெத்தையில் வைத்து வேலை செய்யாதீர்கள். மர மேசை போதும். போர்டைத் தொடுமுன் பூமியோடு இணைந்த ஏதாவது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

மூடியும் ஹீட்சிங்கும்

கார்டு ஏதும் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். டி480-இன் அடிமூடியில் 6 ஸ்க்ரூக்கள், தளர்ந்தாலும் மூடியைவிட்டு வெளியே விழாது. மற்ற பல மாடல்களில் ஸ்க்ரூக்கள் தனித்தனியாக வரும், நீளமும் வேறு வேறாக இருக்கும். குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் நெட்டை ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கினால் அது போர்டையோ கீபோர்டையோ குத்திவிடும். ஆகவே ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அதை அந்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். கூடவே ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு படம்.

கார்டை ஓரத்தில் நுழைத்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஒரு பக்கம் பிரியாமல் அடம்பிடித்தால் கண்ணில் படாத ஸ்க்ரூ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒளித்து வைப்பது சில தயாரிப்பாளர்களின் வழக்கம்.

உள்ளே பார்த்தால் செம்புக் குழாய், ஒரு முனையில் தகடு, மறுமுனையில் மெல்லிய ஃபின்கள், பக்கத்தில் ஃபேன். டி480-இல் ஃபேனும் ஹீட்சிங்கும் ஒரே தொகுதி. ஃபேன் கனெக்டரின் பிளாஸ்டிக் முனைகளை இரு நகங்களால் தள்ளிக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தால் போர்டில் இருக்கும் சாக்கெட்டே கையோடு வந்துவிடும். குழாயின் மேலாகவோ ஓரமாகவோ போகும் வைஃபை ஆன்டெனா கம்பிகள் எந்த வழியில் போகின்றன என்று படம் எடுத்துவிட்டு ஒதுக்குங்கள்.

தகட்டின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். முடுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது அதன் தலைகீழ். ஒரு ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று, பிறகு அடுத்தது, இப்படியே சுற்றி வந்து எல்லாமே தளரும்வரை. ஒரு மூலை மட்டும் விடுபட்டால் ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தமும் எதிர் மூலையில் விழும். மூடியில்லாத சிலிக்கான் அந்த ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிடும், அதற்குப் பரிகாரம் கிடையாது. எண் இல்லாவிட்டால் குறுக்கு மூலைகளாகப் போங்கள்.

எல்லாம் தளர்ந்ததும் தகட்டைச் சற்று இப்படியும் அப்படியும் திருகி, ஒட்டு விட்ட பிறகு மேலே தூக்குங்கள். வராவிட்டால் திருப்புளியால் நெம்பாதீர்கள், ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் தகட்டைச் சூடாக்கி மறுபடி திருகுங்கள். நான்காம் தலைமுறை வரையிலான பழைய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் பிராசசர் சாக்கெட்டில்தான் இருக்கும். அவற்றில் வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளையலாம். டி480-இல் பிராசசர் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, அந்தப் பயம் இல்லை. எந்த நேரத்திலும் ஹீட்சிங்கைக் குழாயைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

ஹீட்சிங்க் உயிரோடு இருக்கிறதா

ஹீட் பைப் வெறும் செம்புக் கம்பியல்ல. உள்ளே காற்று நீக்கிய குழாய், சுவரில் நுண்துளைப் பூச்சு, மிகக் கொஞ்சம் தண்ணீர். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகி, பூச்சு வழியே திரும்பி வரும். குழாய் நசுங்கினாலோ, மடிந்தாலோ, மயிரிழை விரிசல் விட்டாலோ இந்தச் சுழற்சி நின்றுவிடும், வெளியே எதுவும் தெரியாது. சோதிக்க, ஒரு டம்ளரில் நன்றாகச் சூடான தண்ணீர் எடுத்து, தகடு இருக்கும் முனையை மட்டும் நனையும்படி பிடியுங்கள். ஃபேன் நனையக் கூடாது. நல்ல குழாயாக இருந்தால் சில நொடிகளிலேயே ஃபின் பக்கம் விரலுக்குச் சூடு தெரியும். அரை நிமிடம் கழித்தும் குளிர்ந்தே இருந்தால் ஹீட்சிங்க் போய்விட்டது. சோதித்த பின் முழுதாக உலர்த்துங்கள்.

தகட்டின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் கசிந்தால் தகடு வளைந்திருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும்.

புதியது வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய ஹீட்சிங்கின் மேலுள்ள ஸ்டிக்கரில் பாகத்தின் எண் இருக்கும், லெனோவோவில் அதை எஃப்ஆர்யூ எண் என்பார்கள். ஒரே மாடலில் தனி கிராபிக்ஸ் சிப் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஹீட்சிங்க் வேறு. டி480-ஐப் பொறுத்தவரை, எம்எக்ஸ்150 கிராபிக்ஸ் உள்ள வகைக்கு இரண்டு குழாய் ஹீட்சிங்க் வருகிறது. அது கிராபிக்ஸ் இல்லாத போர்டிலும் பொருந்தும், எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை வாங்குவது நல்ல முடிவு. தொங்கி நிற்கும் கிராபிக்ஸ் தகட்டின் அடியில் கேப்டான் டேப் (சூட்டைத் தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டிவிடுங்கள், போர்டில் எதையும் தொடாது. புதிய ஹீட்சிங்கின் தகட்டில் பாதுகாப்புக்கு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். அதோடு மாட்டினால் ஆன் செய்த அடுத்த நொடியே 100 டிகிரி.

சுத்தம்

பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பழைய பேஸ்ட்டை ஓரத்திலிருந்து நடு நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் அழுக்கு சிலிக்கானைச் சுற்றியுள்ள குட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு நடுவே போய் அடையும். சுரண்ட வேண்டாம். கடைசியில் புதிய துணியால் ஒரு துடைப்பு, அதன் பின் விரல் படக் கூடாது.

தூசிக்கு வருவோம். ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளிப் பட்டைபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, உள்ளேயே திரும்பும். இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கும் டேப்பை மெல்ல உரித்து, பட்டையை ட்வீசரால் எடுத்து, மிச்சத்தைப் பிரஷால் தட்டுங்கள். புளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும். டேப்பைத் திரும்ப ஒட்டியே தீர வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று ஃபின் வழியே போகாமல் இடுக்கில் கசிந்துவிடும். பிசின் போயிருந்தால் அலுமினியம் டேப் வாங்கி ஒட்டலாம்.

பேடும் பேஸ்ட்டும்

பல மாடல்களில் விஆர்எம் பகுதிக்கும் (பிராசசருக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் பாகங்கள்) கிராபிக்ஸ் மெமரிக்கும் மேலே சாம்பல் அல்லது நீல நிற ரப்பர் பட்டை இருக்கும், அதுதான் தெர்மல் பேட். கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால், அழுந்தாத ஒரு மூலையில் தடிமனை அளந்து அதே அளவு வாங்குங்கள். 0.5, 1.0, 1.5 மி.மீ. அளவுகளில் வருகிறது. 1.0 இருந்த இடத்தில் 1.5 வைத்தால் தகட்டை அது தூக்கிப் பிடித்துக்கொள்ளும், பிராசசர் தகட்டைச் சரியாகத் தொடாது. 0.5 வைத்தால் அந்தச் சிப்புகள் தொடர்பே இல்லாமல் வேகும். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட்டை அப்பி நிரப்புவதும் பலன் தராது.

எவ்வளவு பேஸ்ட்? 8250யூ-வின் பெரிய சிலிக்கான் சுமார் 120 சதுர மி.மீ. 0.1 மி.மீ. கனத்துக்குப் பரப்பினாலும் 12 கன மி.மீ.தான் ஆகிறது, ஒரு அரிசிமணியை விடக் குறைவு. 4 கிராம் டியூப் பல லேப்டாப்களுக்கு வரும். நடுவில் ஒரு பொட்டு வைத்து அழுத்திவிடுவது டெஸ்க்டாப்பில் சரி. மூடியில்லாத சிலிக்கானில் ஒரு மூலை விடுபட்டாலும் அந்த மூலையில் இருக்கும் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) மட்டும் மிகவும் சூடாகும். ஆகவே பழைய கார்டின் ஓரத்தால் நான்கு மூலைக்கும் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் சிறிய சிலிக்கானில் பழைய பேஸ்ட் இருந்திருந்தால் மட்டும் அதற்கும் வையுங்கள்.

பிடிஎம்7950 என்றால் சிலிக்கானைவிட இம்மி பெரிதாக வெட்டி, 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். குளிர்ந்தால்தான் இரு பக்கத் தாளும் ஒழுங்காக உரியும்.

மாட்டுதல்

ஆன்டெனா கம்பியோ ஃபேன் கம்பியோ தகட்டுக்கு அடியில் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஹீட்சிங்கை நேராக மேலிருந்து இறக்குங்கள். வைத்த பின் நகர்த்தினால் பேஸ்ட் ஒரு பக்கம் வழிந்துவிடும். எல்லா ஸ்க்ரூக்களையும் கையாலேயே இரண்டு சுற்று பிடிக்க விடுங்கள். பிறகு 1, 2, 3, 4 என்ற வரிசையில் அரை அரைச் சுற்றாக முடுக்குங்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூவுக்கு ஒரு நிறுத்தம் உண்டு, அங்கே போய் முட்டியதும் அழுத்தம் சரியாக வந்துவிட்டது. அதற்கு மேல் திருகினால் குளிர்ச்சி கூடாது, மரைதான் போகும். ஃபேன் ஸ்க்ரூக்கள் கடைசியில்.

ஃபேன் கனெக்டரைச் செருகுங்கள், பேட்டரியை இணையுங்கள், அடிமூடியை ஸ்க்ரூ போடாமல் வெறுமனே பொருத்துங்கள். டி480-இல் முடக்கிய பேட்டரி மறுபடி வேலை செய்ய சார்ஜரைச் செருக வேண்டும். அதற்கு முன் பவர் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அசைவிருக்காது, பயந்துவிடாதீர்கள்.

ஆன் செய்த பிறகு

திங்க்பேடில் ஃபேன் பிழை என்று செய்தி காட்டி அணைந்தால் கனெக்டர் முழுதாக உட்காரவில்லை, அல்லது இறக்கையில் கம்பி தட்டுகிறது. ஒழுங்காக ஏறினால், அதே சோதனையை அதே அறையில் 10 நிமிடம் ஓட்டுங்கள். வெப்பநிலை முன்பு போலவே இருந்தும் வேகமும் வாட்டும் கூடியிருந்தால் வேலை வெற்றிதான், பிராசசர் கிடைத்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. பிடிஎம்7950 முதல் ஓட்டத்தில் சுமாராகத்தான் காட்டும். நன்றாகச் சூடாகி ஆறுவது சில முறை நடந்த பிறகுதான் அதன் உண்மையான அளவு வரும்.

கோர்களின் வெப்பநிலையைத் தனித்தனியாகப் பாருங்கள். 8250யூ-வின் நான்கு கோர்களுக்கும் நடுவே வித்தியாசம் ஐந்தாறு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஒரு கோர் மட்டும் 12, 15 டிகிரி மேலே நின்றால் தகடு சாய்ந்திருக்கிறது. கழற்றிப் பேஸ்ட்டில் பதிந்த அச்சைப் பாருங்கள். தடிப்பாக மிச்சமிருக்கும் பக்கம் அழுத்தம் போதவில்லை. அந்தப் பக்கத்தில் தடித்த பேடோ, சிக்கிய கம்பியோ, பாதியில் நின்ற ஸ்க்ரூவோ இருக்கும். ஒருமுறை பிரித்த பேஸ்ட்டில் காற்றுக் குமிழ் புகுந்திருக்கும் என்பதால் அதையே வைத்து மூடாமல், துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். அளவுகள் சரியான பிறகு அடிமூடியின் ஸ்க்ரூக்களைப் போடலாம்.